எடுத்துக்காட்டும் பிழைதிருத்தமும்

இலக்கணம் கற்றோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. சூத்திரம் சுருங்கச் சொல்லும். உரை அதனை விரித்துரைக்கும். ஆயினும் மாணாக்கன் மனத்தில் பொருள் பதிவது எடுத்துக்காட்டைக் கண்ட பின்னரே. இதனை உணர்ந்துதான் நன்னூலார், காண்டிகையுரைக்குரிய உறுப்புகளைக் கூறுமிடத்துக் கருத்தையும் பதப்பொருளையும் சொல்லிக் காட்டையும் அவற்றோடு சேர்த்தார். காட்டு என்பது எடுத்துக்காட்டே. சூத்திரம் செம்மையாக இருந்து, உரையும் செம்மையாக இருந்து, காட்டு மட்டும் பிழைபட்டுவிட்டால் என்ன நேரும்? படிப்பவன் சூத்திரத்தை விட்டுக் காட்டையே பின்பற்றுவான். அவனைப் பார்த்து மற்றொருவன் எழுதுவான். பிழை ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பரவும்.

இத்தொல்லை ஓலைச்சுவடிக் காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. கணிப்பொறிகளை ஆளும் மென்பொருளுக்கு எழுதப்படும் விளக்க ஏடுகளிலும் இதே நிலையைக் காண்கிறோம். அவ்வேடுகளில் உள்ள எடுத்துக்காட்டு நிரல்கள் எவ்வாறு பிழைபடுகின்றன, அவற்றைத் திருத்துவது எப்படி, திருத்தாமல் விடுவதால் விளையும் தீங்கு யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம். இதற்குத் தக்க சான்று தொலைவில் இல்லை, பெங்களூரிலேயே கிடைக்கிறது.

முதலில் கணிப்பொறியின் இயங்குதளத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்கட்டி என்று ஒருவர் இருப்பார். கன்னட நாட்டில் அவரை நீருகண்டி என்பர். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் விடுவது என்பதை முடிவு செய்பவர் அவரே. உழவர் எவரும் தாமாக மதகைத் திறத்தல் ஆகாது. கணிப்பொறியினுள் இத்தகைய பொறுப்பை ஏற்றிருக்கும் பகுதியைத்தான் ஆங்கிலத்தில் கெர்னல் என்கிறார்கள். தமிழில் கருநிரல் எனலாம். கணிக்கும் உறுப்பின் நேரத்தையும், நினைவகத்தின் இடத்தையும், வட்டின் ஏடுகளையும் பல நிரல்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் தொழில். வயலில் ஓர் உழவர் தவறு செய்தால் அவர் பயிர் மட்டும் கெடும். நீர்கட்டி தவறு செய்தால் ஊர் முழுவதும் கெடும். அவ்வாறே சாதாரண நிரல் ஒன்று பிழை செய்தால் கருநிரல் அதனை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை நடத்திச் செல்லும். கருநிரலே பிழை செய்தால், அதனைத் தடுத்து நிறுத்துவதற்கு அதற்கு மேல் எவரும் இல்லை. பொறி முழுவதுமே நின்றுபோகும். அல்லது நிற்காமலே தவறான விடைகளை எழுதத் தொடங்கும். இரண்டாவது முதலாவதினும் கொடிது.

லினக்ஸ் என்னும் கருநிரலை 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிர்ந்துகொள்ளலாம் என்ற உரிமையோடு வெளிவந்தமையால் அது உலகெங்கும் பரவியது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், வங்கி முதலிய நிலையங்களின் பெரும் கணிப்பொறிகளிலும் அதுவே இயங்குகிறது. உலகின் மிகவும் ஆற்றல் வாய்ந்த ஐந்நூறு கணிப்பொறிகளின் பட்டியலில், 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் இடம்பெற்றவை அனைத்தும் லினக்ஸைக் கொண்டவையே. மூன்று கோடிக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட இந்த நிரலோடு கூடவே, அதனை விளக்கும் ஏடுகளும் ஒரு தனிப் பேழையில் வைத்துக் காக்கப்படுகின்றன. நிரலைத் திருத்துவோர் ஏட்டையும் உடன் திருத்த வேண்டும் என்பது நோக்கம். ஆனால் நோக்கம் எப்போதும் நிறைவேறுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு.

கருநிரலின் உள்ளே ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்கும் முறைகள் நிலையானவை அல்ல. வெளியில் இயங்கும் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கைக் கருநிரல் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது. உள்விவகாரத்திலோ அது எந்த வாக்கும் கொடுப்பதில்லை. இதனை ஒரு கொள்கையாகவே அவ்வேடுகளில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். வீட்டின் வெளிவாயில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். உள்ளறைகளைத் தேவைக்கேற்ப இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்பது போன்றது அது. இவ்வாறு இடித்துக் கட்டும்போது நிரலின் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே மாற்றப்படுகின்றன. ஏனெனில் மாற்றாவிடின் மொழிமாற்றியாகிய கம்பைலர் உடனே குறை கூறும். ஏட்டில் அச்சாகியுள்ள எடுத்துக்காட்டைக் கம்பைலர் படிப்பதில்லை. ஆதலால் அது பழைய நிலையிலேயே, பார்ப்பதற்கு மிகவும் நம்பத்தக்கதாக, அங்கே நின்றுகொண்டிருக்கும்.

இனிப் பெங்களூருக்கு வருவோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் லினக்ஸ் ஆர்வம் பெருகியிருந்தது. 2001-ஆம் ஆண்டு முதல் 'லினக்ஸ் பெங்களூர்' என்ற பெயரில் ஆண்டு மாநாடுகள் கூடின. 2005-ஆம் ஆண்டு முதல் அது 'ஃபாஸ்.இன்' என்னும் பெயரைப் பெற்றது. அதே காலத்தில் அங்கிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்துப் பொறியாளர்கள் கருநிரலுக்கு ஓர் அரிய கருவியை ஆக்கி அளித்தார்கள். அதன் பெயர் கே-புரோப்ஸ். 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் வம்சி கிருஷ்ணா அதன் முதல் வடிவை எழுதினார் என்றும், 2004-இல் பிரசன்னா பஞ்சமுகியும் சுபர்ணா பட்டாசார்யாவும் அதனை வளர்த்தார்கள் என்றும் அந்நிரலின் முகப்பிலேயே குறிப்புக் காணப்படுகிறது. 2004-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த 2.6.9 என்னும் பதிப்பில் அக்கருவி லினக்ஸோடு இணைந்தது.

அதன் பயனை உணர ஒரு நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். ஒரு பெரிய நிலையத்தின் கணிப்பொறி இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதில் ஏதோ ஒரு குறை, எப்போதோ ஒரு முறை தலைகாட்டுகிறது. பொறியை நிறுத்திப் பார்க்க வழியில்லை. நிறுத்திவிட்டால் குறையும் மறைந்துவிடும். மருத்துவர் நோயாளியை நடமாடவிட்டுக்கொண்டே நாடி பார்ப்பது போல, ஓடும் கருநிரலின் உள்ளே நோக்க வேண்டும். இதற்குத்தான் கே-புரோப்ஸ் உதவுகிறது.

அது செயல்படும் விதம் வியப்பூட்டுவது. நாம் நோக்க விரும்பும் கட்டளை நினைவகத்தில் எங்கே இருக்கிறதோ, அங்கே முதலில் அதன் படி ஒன்று எடுத்து வைக்கப்படுகிறது. பின்னர் அக்கட்டளையின் முதல் பைட் அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் நிறுத்தக் கட்டளை ஒன்று பொறிக்கப்படுகிறது. இன்டெல் வகைப் பொறிகளில் இது 204 என்னும் எண்ணைக் கொண்ட ஒரே பைட். கணிக்கும் உறுப்பு அவ்விடம் வந்ததும் இடறி நிற்கும். அக்கணத்தில் அதன் பதிவேடுகளில் உள்ள மதிப்புகள் சேமிக்கப்பட்டு, நாம் எழுதிக் கொடுத்த செயற்கூறு அழைக்கப்படும். அது தனக்கு வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டதும், எடுத்து வைத்திருந்த பழைய கட்டளையின் படி, ஒற்றை அடியாக நிறைவேற்றப்படும். அதன் பின் விருப்பமானால் இரண்டாவது செயற்கூறு ஒன்றும் அழைக்கப்படும். பிறகு கருநிரல், இடையில் ஒன்றும் நிகழாதது போல, தன் வழியே செல்லும்.

இத்தகைய கருவியை எடுத்துக்காட்டு இன்றி எவர்தான் கையாள முடியும்? ஆகவே அதன் விளக்க ஏட்டிலேயே முழு எடுத்துக்காட்டு நிரல்களும் தரப்பட்டிருந்தன. புதிய செயலாக்கம் ஒன்று பிறக்கும்போதெல்லாம் அழைக்கப்படும் 'டூ ஃபோர்க்' என்னும் செயற்கூற்றில் ஆய்வுமுனையை நிறுவி, அங்கே கண்டதை அச்சிட்டுக் காட்டுவது அந்த எடுத்துக்காட்டின் பணி. மாணாக்கர்கள் அதனை ஏட்டிலிருந்து பெயர்த்து எழுதி, மாட்யூல் என்னும் தனிக் கூறாக ஆக்கி, கருநிரலில் ஏற்றிப் பார்த்தார்கள்.

அவ்வாறு பெயர்த்து எழுதுவோர்க்கு எடுத்துக்காட்டின் ஒவ்வொரு வரியும் முக்கியம். சான்றாக, அதன் இறுதியில் ஆய்வுமுனையை நீக்கும் வரி ஒன்று வரும். பார்ப்பதற்கு அது வெறும் சடங்கு போலத் தோன்றும். அவ்வரி விடுபட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். மாட்யூலை அகற்றியதும் நம் செயற்கூறு இருந்த நினைவகப் பகுதி வேறு காரியத்திற்குப் போய்விடும். நிறுத்தக் கட்டளையோ இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த முறை ஒரு செயலாக்கம் பிறக்கும்போது கணிக்கும் உறுப்பு இடறி நின்று, இல்லாத செயற்கூற்றைத் தேடிச் செல்லும். அத்துடன் பொறியின் கதை முடிந்தது. குறையைக் கண்டுபிடிக்க வந்த கருவியே குறையாக மாறிவிடும். எடுத்துக்காட்டில் ஒரு வரி பிழைபடுவதன் விலை இதுவே.

ஏட்டில் உள்ள நிரலைக் கம்பைலர் படிப்பதில்லை என்று முன்னர்ச் சொன்னோம். இக்குறையைப் போக்க 2008-ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. முதலில் ராண்டி டன்லப் என்னும் அமெரிக்கர் வரைந்த அத்திருத்தத்தை, ஐ.பி.எம். பொறியாளரான அனந்த் மாவினகாயனஹள்ளி செப்பனிட்டு அனுப்பினார். எடுத்துக்காட்டுகள் விளக்க ஏட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு, கருநிரலின் மாதிரிப் பேழையில் தனித்தனி நிரல்களாக வைக்கப்பட்டன. தேவையற்ற தலைப்பு வரிகள் களையப்பட்டன. இன்டெல் வகைப் பொறிகளோடு பவர்-பீசி வகைப் பொறிகளிலும் அவை கம்பைல் ஆகும்படி திருத்தப்பட்டன. விளக்க ஏட்டில், "எடுத்துக்காட்டை இன்ன இடத்தில் காண்க" என்ற குறிப்பு மட்டும் எஞ்சியது.

இதனால் இழப்பும் இல்லாமற் போகவில்லை. முன்னர் ஒரே ஏட்டைப் படித்தவர்க்கு விளக்கமும் காட்டும் அடுத்தடுத்துக் கிடைத்தன. இப்போது இரண்டு இடங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆயினும் பெற்ற நன்மை பெரிது. மாதிரிப் பேழையில் உள்ளவை மெய்யான நிரல்கள். அவற்றையும் சேர்த்துக் கருநிரலைக் கட்டுவோர், எங்கேனும் அழைப்பு முறை மாறியிருந்தால் அன்றே அறிந்துகொள்வர்.

அப்படியானால் தொல்லை தீர்ந்தது என்று கொள்ளலாமா? இல்லை. இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. அந்த எடுத்துக்காட்டு ஆய்வுமுனையை நிறுவும் இடமான 'டூ ஃபோர்க்' என்னும் பெயர், நிரலில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்பட்ட வெறும் சொல். அச்சொல்லுக்கு உரிய செயற்கூறு உண்மையில் இருக்கிறதா என்று கம்பைலர் ஆராய்வதில்லை. கடிதத்தின் மேல் முகவரியை அழகாக எழுதிவிட்டால், அந்த வீடு அங்கே இருக்கிறதா என்று உறை விற்பவர் கேட்பதில்லை அன்றோ? 2015-இல் வெளிவந்த 4.2 பதிப்பில் அச்செயற்கூறு மாற்றியமைக்கப்பட்டு, முன்னே ஓர் அடிக்கோடு சேர்ந்த புதிய பெயரைப் பெற்றது. இன்டெல் வகைப் பொறிகளில் பழைய பெயர் மறைந்தது. எடுத்துக்காட்டு முன்போலவே குறையின்றிக் கம்பைல் ஆயிற்று. ஏற்றிப் பார்த்தவர்க்கு மட்டும், நிறுவ இயலவில்லை என்ற பிழைச் செய்தி கிடைத்தது. பின்னர் எடுத்துக்காட்டும் புதிய பெயருக்கு மாற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 5.10 பதிப்பில் அச்செயற்கூறு மீண்டும் 'கெர்னல் க்ளோன்' எனப் பெயர் மாறியது. எடுத்துக்காட்டும் மறுபடி மாற வேண்டியதாயிற்று.

இதிலிருந்து எடுத்துக்காட்டுப் பிழைகள் மூவகைப்படும் என அறியலாம். முதல் வகை, கம்பைலரிடமே தோற்பவை. 2018-ஆம் ஆண்டு சனவரியில் வந்த 4.15 பதிப்பில் காலங்காட்டிகளை அமைக்கும் முறை மாற்றப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட நூல்களில் உள்ள காலங்காட்டி எடுத்துக்காட்டுகள் இன்று கம்பைல் ஆவதில்லை. 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' என்ற புகழ்பெற்ற நூலின் மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது. மாணாக்கர்கள் அதனை இன்றும் நாடுகிறார்கள். அதன் எடுத்துக்காட்டுகளில் பலவற்றுக்கு இந்த நிலையே. இவ்வகைப் பிழை எரிச்சலூட்டுமே தவிரத் தீங்கு செய்யாது. கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தால் வேறு வழி தேடுவோம்.

இரண்டாம் வகை, கம்பைலரிடம் தேறி, இயங்கும்போது தோற்பவை. செயற்கூற்றின் பெயர் மாறிய கதை இதன் மென்மையான வடிவம். நீக்கும் வரி விடுபட்டால் நேர்வது இதன் கொடிய வடிவம். மூன்றாம் வகை, நன்கு இயங்கியும் விளக்கத்தோடு பொருந்தாதவை. அதே 4.15 பதிப்பு முதல், நினைவக முகவரியை வழக்கமான குறியீட்டால் அச்சிட்டால், பாதுகாப்புக் கருதி உண்மையான முகவரிக்குப் பதில் உருமாற்றிய வேறோர் எண் அச்சாகிறது. "இங்கே முகவரி தோன்றும்" என்று ஏடு கூறும். தோன்றுவதோ முகவரி அன்று. ஒரே முகவரியை இருவேறு குறியீடுகளால் அச்சிடும் எடுத்துக்காட்டில் இரண்டு எண்களும் வேறுபட்டுத் தோன்றும். கற்பவன் தன் நிரலில்தான் பிழை என்று எண்ணி, இல்லாத பிழையைத் தேடி நாட்களைக் கழிப்பான். மூவகையிலும் இதுவே கண்டுபிடிக்க அரியது.

இப்பிழைகளைத் திருத்துவது எவ்வாறு? கருநிரலை இயற்றும் பேரறிஞர்களுக்கே உரிய பணி இது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையில் எடுத்துக்காட்டின் குறை பேரறிஞர் கண்ணுக்குப் படுவது அரிது. அவர்கள் எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதுவதில்லை, நினைவிலிருந்தே எழுதுவர். ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி பின்பற்றும் புதியவரே முதலில் இடறுகிறார். ஆதலால் திருத்தும் தகுதியும் வாய்ப்பும் அவருக்கே மிகுதி. பெங்களூரிலும் சென்னையிலும் பொறியியற் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்கள் இதனை மனத்தில் கொள்வது நன்று.

திருத்த விரும்புவோர் முதலில் செய்ய வேண்டுவது, கருநிரலின் இன்றைய வடிவைப் பெறுவது. தம் பொறியில் உள்ள பழைய பதிப்பை வைத்துத் திருத்தினால், பிறர் முன்னரே திருத்தியதை மீண்டும் திருத்திய வீண் வேலையாக முடியும். அடுத்து, பிழையைத் தாமே நேரில் காண வேண்டும். எடுத்துக்காட்டைக் கட்டி, கெட்டுப்போனாலும் கவலையற்ற ஒரு சோதனைப் பொறியில் ஏற்றி, கருநிரலின் செய்திப் பதிவில் என்ன வருகிறது என்று பார்த்து, பின்பு அகற்றியும் பார்க்க வேண்டும். அகற்றும் படியைப் பலர் விட்டுவிடுவர்; கேடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதன் பிறகே திருத்தத்தை எழுத வேண்டும். எழுதிய பின் இச்சோதனைகள் அனைத்தையும் மீண்டும் ஒரு முறை செய்ய வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் திருத்திய எடுத்துக்காட்டு, திருத்தாத எடுத்துக்காட்டைக் காட்டிலும் தீயது. ஏனெனில் அண்மையில் திருத்தப்பட்டது என்ற நம்பிக்கையையும் அது சேர்த்துக்கொள்கிறது.

திருத்தத்தோடு ஒரு சிறு முகவுரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். என்ன மாற்றினோம் என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாற்றினோம் என்பதையே முகவுரை சொல்ல வேண்டும். எந்தப் பழைய மாற்றத்தால் இப்பிழை நேர்ந்ததோ அதன் அடையாள எண்ணையும் குறிப்பிடுவது மரபு. இறுதியில், இத்திருத்தத்தை அளிக்க எமக்கு உரிமை உண்டு என்பதற்குச் சான்றாகத் தம் பெயரைக் கையொப்பமாக இடவேண்டும். இவ்வழக்கம் 2004-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. நடை, இடைவெளி முதலியவற்றைச் சரிபார்க்கவும், எந்தப் பொறுப்பாளருக்கு அனுப்புவது என்று அறியவும் சிறு கருவிகள் கருநிரலோடு சேர்ந்தே கிடைக்கின்றன. மின்னஞ்சல் வழியாகச் செல்லும் திருத்தத்தைப் பொறுப்பாளர் படித்து ஐயங்களை எழுப்புவார். விடை கூறி, வேண்டுமாயின் இரண்டாம் வடிவை அனுப்ப வேண்டும். கேள்வி கேட்கப்படுவதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. பழைய பதிப்பாசிரியர்கள் ஒரு பாடத்தை ஏற்பதற்கு முன் எத்தனை சுவடிகளை ஒப்பிட்டனர் என்பதை நினைத்துக்கொண்டால் மனம் அமைதியுறும்.

எனினும் மனிதரின் கண்காணிப்பை மட்டுமே நம்பியிருப்பது போதுமா? எடுத்துக்காட்டைக் கம்பைல் செய்வதோடு நில்லாமல், தானாகவே ஓட்டியும் பார்த்துவிட்டால் இரண்டாம் வகைப் பிழைகளும் பெரிதும் குறையும் அல்லவா? இதற்கும் வழி பிறந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் ரஸ்ட் என்னும் புதிய நிரல் மொழிக்குக் கருநிரலில் இடம் அளிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் 6.6 பதிப்பு முதல், அம்மொழியில் எழுதிய பகுதிகளின் விளக்கவுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் சோதனைகளாக மாற்றப்பட்டு, கருநிரலினுள்ளேயே ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. எடுத்துக்காட்டு பொய்த்தால் சோதனை தோற்கும். காட்டை ஏட்டை விட்டுப் பெயர்க்காமலே அதன் மெய்ம்மையைக் காக்கும் முறை இது. ஆயினும் கருநிரலின் மிகப் பெரும்பகுதி இன்றும் சி மொழியில்தான் இருக்கிறது. மூன்றாம் வகைப் பிழையையோ எந்தச் சோதனையும் முழுவதும் கண்டுபிடித்துவிடாது. சொல்லும் செயலும் ஒத்திருக்கின்றனவா என்பதை ஒருவர் படித்துத்தான் அறிய வேண்டும்.

பெங்களூர்ப் பொறியாளர்கள் ஆக்கிய கருவியின் வரலாற்றில் மேலும் ஒரு செய்தி உண்டு. 2004-இல் அதனோடு ஜே-புரோப்ஸ் என்னும் துணைக் கருவியும் சேர்ந்திருந்தது. ஒரு செயற்கூற்றுக்குத் தரப்படும் மதிப்புகளை எளிதில் காண அது உதவியது. அதனினும் சிறந்த முறைகள் தோன்றியமையால், 2018-ஆம் ஆண்டில் அது கருநிரலிலிருந்து அகற்றப்பட்டது. அதன் எடுத்துக்காட்டும் மாதிரிப் பேழையை விட்டு நீங்கியது. ஆனால் விளக்க ஏட்டில், இக்கருவி வழக்கொழிந்தது, இதனை நம்பியிருந்தோர் வேறு முறைகளுக்கு மாறுக என்ற குறிப்பை விட்டுவைத்தார்கள். பழைய நூலைப் பார்த்துவிட்டு அதனைத் தேடி வருபவர் வழி தெரியாமல் திகைக்கலாகாது என்ற கருணை அதில் தெரிகிறது. இல்லாமற்போனதை இல்லை என்று சொல்வதும் பிழைதிருத்தத்தின் ஒரு பகுதியே.

கே-புரோப்ஸோ இன்றும் வாழ்கிறது. ஓடும் கணிப்பொறிகளை ஆராயும் பல புதிய கருவிகள் அதன்மேல் எழுந்து நிற்கின்றன. அதனைக் கற்க விரும்பும் மாணாக்கர் எவரும் மாதிரிப் பேழையைத் திறந்து அச்சிறு எடுத்துக்காட்டைப் படிக்கலாம். படிக்கும்போது ஒரு வரி ஏட்டோடு பொருந்தவில்லை என்று தோன்றினால், தம் அறியாமை என்று கருதி உடனே கடந்து போய்விட வேண்டாம். ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, திருத்தி அனுப்புங்கள். பின்னால் எங்கோ ஓர் ஊரில், நள்ளிரவில், நிறுத்த முடியாத ஒரு பொறியின் முன் அமர்ந்து அந்த வரியையே பார்த்து எழுதப்போகிறவர் ஒருவர் இருக்கிறார்.